இடுப்பைச் சுமந்துகொண்டு உத்திரமேரூரில்

திருப்புலிவனத்தில் இருநூற்று அறுபதாவது அடியில் தண்ணீர் வந்தது. அதே நிமிடத்தில் என் இடுப்பு போயிற்று. அதனால் என்னை யாரும் கவனிக்கவில்லை. சேறும் நுரையுமாகத் தண்ணீர் பீய்ச்சியடிக்க, நிலத்துக்காரர் தேவராஜ் கற்பூரம் தேடி வீட்டுக்கு ஓடினார். நான் கையில் ராடைப் பிடித்தபடி குனிந்த நிலையிலேயே நின்றேன். நிமிர முடியவில்லை.

நாங்கள் சங்ககிரிப் பக்கத்து ரிக் வண்டிக்காரர்கள். ஊர் ஊராகப் போய் ஆழ்துளைக் கிணறு, அதாவது போர், போடுவது தொழில். வருடத்தில் பத்து மாதம் லாரிதான் வீடு. தொண்ணூறுகளின் கடைசியில் உத்திரமேரூர் வட்டாரத்து ஏரிகள் காய்ந்து கிடந்தன; அதனால் எங்களுக்கு வேலை இருந்தது. என் வேலை ராடு தூக்குவது. ராடு என்பது இருபதடி இரும்புக் குழாய். இரண்டு பேர் தூக்க வேண்டும் என்பது முறை. ஆள் குறைவான நாளில் ஒருவனே தூக்குவான். எங்கள் வண்டியில் எல்லா நாளும் ஆள் குறைவான நாள்தான்.

இடுப்புப் பிடிப்பது எனக்குப் புதிதல்ல. மத்தியப் பிரதேசத்தில் ஒரு முறை பிடித்தது, நல்கொண்டாவில் இரண்டு முறை. லாரிக்கு அடியில் இரண்டு நாள் படுத்தால் விட்டுவிடும். இந்த முறை வலி இடுப்போடு நிற்கவில்லை. தொடையின் பின்பக்கமாகக் கெண்டைக்கால் வரைக்கும் காய்ச்சிய கம்பியைச் செருகியது போல இறங்கியது. இடது கால் பெருவிரல் மரத்துப் போயிற்று. செருப்பு கழன்று விழுந்தது கூடத் தெரியாமல் நாலடி நடந்திருக்கிறேன்.

எங்கள் மேனேஜர் என்னைச் சுற்றி வந்து பார்த்தார். மாட்டுச் சந்தையில் மாட்டைப் பார்ப்பது போலத்தான் பார்த்தார்.

"இன்னும் பத்து நாளைக்கு இந்தப் பக்கந்தான்டா வேலை. அப்புறம் வண்டி ஒரிசா போவுது. அதுக்குள்ள நிமுந்து நின்னீன்னா ஏறு. இல்லீன்னா வேற ஆளப் போட்டுக்கறேன்."

எட்டு வருடம் அந்த வண்டியில் இருந்தவனுக்குக் கிடைத்த மருத்துவ உதவி அந்த நாலு வாக்கியம். என்னைத் தேவராஜின் மோட்டார் கொட்டகையில் விட்டுவிட்டு வண்டி அடுத்த ஊருக்குப் போயிற்று. புது மோட்டார் இறக்கும்வரை காவலுக்கு ஓர் ஆள் வேண்டும் என்பதால் தேவராஜும் சரி என்றார். பத்து நாளில் நிமிர்வது என்ற ஒரே வேலையோடு, நான் இதுவரை லாரி மேலிருந்து மட்டுமே பார்த்த ஒரு ஊரில் இறங்கி நடக்க ஆரம்பித்தேன்.

முதல் நாள் காலையில் உத்திரமேரூர் பஸ் நிலையத்துக்கு எதிரே டீக்கடைக்காரர், "நாஷ்டா ஆச்சா?" என்று கேட்டார். எனக்குப் புரியவில்லை. நாஷ்டா என்றால் காலைச் சாப்பாடு என்று பக்கத்தில் இருந்தவர் சொன்னார். நாலு இட்லியும் வடகறியும் வந்தன. எங்கள் ஊரில் வடை மிஞ்சினால் மோரில் போடுவார்கள். இங்கே குழம்பாக்கி விடுகிறார்கள். நன்றாகவே இருந்தது. பெஞ்சில் உட்கார முடியாமல் நின்றுகொண்டே தின்றேன்.

"இன்னாபா, குதிர மாதிரி நின்னுக்கினு துன்ற?" என்றார் கடைக்காரர்.

"இடுப்புங்க."

"அதுக்கு இன்னாத்துக்கு பேஜாரு? அதோ அந்தத் தெருவுல ஊசி டாக்டரு கீறாரு. ஒரு ஊசி போட்டா ஓட்டப்பந்தயம் ஓடுவ."

ஊசி டாக்டரின் வாசலில் ஐம்பது செருப்பு கிடந்தது. உள்ளே போனவர்கள் போன வேகத்தில் இடுப்பைத் தேய்த்துக்கொண்டு வெளியே வந்தார்கள். என் முறை வந்தது. "இடுப்..." என்றேன். அதற்குள் ஊசி ஏறிவிட்டது. மூன்று நிற மாத்திரைகளைக் காகிதத்தில் மடித்துக் கொடுத்து, "அடுத்து" என்றார். காய்ச்சலுக்கு வந்த குழந்தைக்கும் அதே மூன்று நிறம்தான் என்பதை வெளியே வந்து பார்த்தேன்.

ஊசி பொய் சொல்லவில்லை. மத்தியானம் வரை நிமிர்ந்து நடந்தேன். திருப்புலிவனம் வரைக்கும் நடந்தே வந்து, கொட்டகையில் தண்ணீர்க் குடத்தைக்கூடத் தூக்கி வைத்தேன். பொழுது சாய்வதற்குள் வலி இரண்டு மடங்காகத் திரும்பி வந்தது. வலியைத் தீர்க்காமல் வலி தெரியாமல் மட்டும் செய்து, ஒரு கூலிக்காரனைக் குடம் தூக்க அனுப்புகிற வைத்தியத்துக்கு என்ன பெயர் என்று எனக்குத் தெரியவில்லை.

மூன்றாம் நாள் காஞ்சிபுரம் போனேன். எலும்பு டாக்டர் என்று பலகை போட்ட இடத்தில் பார்க்கச் சொன்னார்கள். போன பஸ் பாதி வழியில் நின்றுவிட்டது. கண்டக்டர் எல்லோரையும் இறக்கித் தள்ளச் சொன்னார். நான் மட்டும் புளியமரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"யோவ், நீ இன்னா மாப்பிள்ளையா? கை வெய்யி."

"இடுப்பு வலிங்க. ஆஸ்பத்திரிக்குத்தான் போறேன்."

"இட்ப்பு வலின்னா வூட்ல படுக்கறது. பஸ்ல இன்னாத்துக்கு வர?"

இடுப்பு வலிக்காரன் வீட்டுக்கே ஆஸ்பத்திரி வரும் என்று நினைத்துவிட்டார் போலிருக்கிறது.

எலும்பு டாக்டரின் வரவேற்பறையில் மூன்று மணி நேரம் நின்றேன். எனக்குப் பக்கத்தில் இரண்டு தறிக்காரர்கள் தெலுங்கில் பேசிக்கொண்டிருந்தார்கள். ஆந்திராவில் ஐந்து வருடம் போர் போட்டவன் என்பதால் எனக்குப் புரிந்தது. "இவரிடம் எதற்கு வந்தாலும் பெல்ட்தான்" என்றார் ஒருவர். "போன மாதம் என் மாமியாருக்கு முழங்கால் வலி. அவளுக்கும் இடுப்புக்குப் பெல்ட்." மற்றவர், "போட்டாளா?" என்று கேட்டார். "போட்டாளே. இப்போது தறிமேடையிலிருந்து எழுந்திருக்க என்னைக் கூப்பிடுகிறாள்."

எனக்கும் பெல்ட்தான். எக்ஸ்ரேயை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்துப் பார்த்தவர் என் பக்கம் ஒருமுறை கூடத் திரும்பவில்லை. "எலும்பெல்லாம் நல்லா இருக்கு. வெயிட் தூக்காதீங்க" என்றார். கால் மரத்திருப்பதைச் சொன்னேன். "சத்துக் குறைவு" என்றார். வெயிட் தூக்காமல் ரிக் வண்டியில் என்ன செய்வது, பாட்டுப் பாடுவதா? என்ன வேலை செய்கிறாய் என்று அவர் கேட்டிருந்தால் அதையாவது சொல்லியிருப்பேன்.

திரும்பி வரும்போது ஒரு கடையில் கருவாட்டுக் குழம்போடு கேழ்வரகுக் களி தின்றேன். அந்த நாளில் நடந்த ஒரே நல்ல காரியம் அது.

அடுத்து ஆற்றோரத்துக் கிராமம் ஒன்றில் கட்டு வைத்தியர். இவர் மரியாதையான மனிதர். உட்காரச் சொல்லவில்லை, படுக்கச் சொன்னார். முட்டையின் வெள்ளைக்கருவையும் உளுந்து மாவையும் குழைத்து, இடுப்பைச் சுற்றித் துணியோடு இழுத்துக் கட்டினார். "அஞ்சி நாளு அவுக்கக் கூடாது. ஆணியடிச்ச மாதிரி நிக்கும்" என்றார். காய்ந்ததும் மரப்பெட்டிக்குள் இறங்கியது போல இருந்தது. மறுநாள் விடிந்தபோது மோட்டார் கொட்டகையின் சுவரிலிருந்து என் இடுப்புக்கு ஓர் எறும்புச் சாரை போய்க்கொண்டிருந்தது. அஞ்சு நாள் கட்டை அரை நாளில் பிய்த்தெறிந்து, தொட்டித் தண்ணீரில் நின்று சுரண்டினேன். தேவராஜின் மனைவி எட்டி நின்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் சிரித்தால் கால் வரைக்கும் இழுத்தது.

ஆறாம் நாள் தேவராஜ் வந்து, "இதெல்லாம் வேஸ்ட்டுபா" என்றார். "காலு முன்னாடி பொறந்தவ ஒருத்தி கீறா. மூணு மிதி. அவ்ளோதான். நான் எத்தினி தபா மிதிபட்டிருக்கேன் தெரியுமா?"

பிறக்கும்போது தலைக்குப் பதிலாகக் கால் முதலில் வந்தவர்களுக்குச் சுளுக்கு எடுக்கும் ராசி உண்டு என்பது எங்கள் பக்கமும் பேச்சுத்தான். ஆனால் இந்த ஊரில் அதற்குச் சட்டதிட்டமே இருந்தது. சூரியன் இறங்கும் முன் குப்புறப் படுக்க வேண்டும். இடது காலால் மூன்று மிதி. மிதி வாங்கியவன் திரும்பிப் பார்க்காமல் எழுந்து போக வேண்டும். மிதித்தவளுக்குக் காசு கொடுக்கக் கூடாது, நல்லது என்று ஒரு சொல் கூடச் சொல்லக் கூடாது. கொடுத்தால், சொன்னால், காலின் ராசி போய்விடும்.

எனக்கு அப்போதே உறுத்தியது. ஒன்றும் செய்யாத மூன்று வைத்தியர்களும் கை நீட்டி வாங்கிக்கொண்டார்கள். அவர்கள் ராசி எதுவும் கெடவில்லை. ஏரிக்கரையோரத்து இருளர் குடிசையிலிருந்து கூப்பிட்டனுப்பினால் வந்து மிதிக்கிற பெண்ணுக்கு மட்டும் ராசி கெட்டுவிடுமாம். இந்தச் சட்டத்தை யார் எழுதியிருப்பார்கள் என்று கண்டுபிடிக்க எட்டாம் வகுப்பு கூட வேண்டியதில்லை. ஆனாலும் எனக்கு வேண்டியது மிதி.

அவள் பெயர் தேசம்மா. என் வயதுதான் இருக்கும். கிணற்றுப் பாசன வயலில் நடவு முடித்து நேராக வந்திருந்தாள். முழங்கால் வரை சேறு. வீட்டு முன்வாசல் வழியாக அவளை விடவில்லை. மாட்டுக் கொட்டகையைச் சுற்றி வந்து நின்றாள். நான் அங்கே சாக்கை விரித்துத் தயாராகக் குப்புறப் படுத்திருந்தேன்.

"எய்ந்து குந்துண்ணா" என்றாள். "இன்னா வேல செய்ற நீ?"

ஆறு நாளில் அந்தக் கேள்வியைக் கேட்ட முதல் ஆள் அவள்தான். சொன்னேன்.

"வலி இட்ப்போட நிக்குதா, காலுக்கு எறங்குதா?"

"எறங்குது."

"வெரலு மரக்குதா?"

"பெருவிரல்."

"ஒண்ணுக்கு சரியா போவுதா?"

தேவராஜ் சத்தமாகச் சிரித்தார். "இன்னாமே, டாக்டரு கணக்கா கேக்கற? மிதிச்சிட்டுப் போவியா!"

"அது சரியாத்தான் போவுது" என்றேன்.

அவள் இரண்டடி பின்னால் போனாள். "நான் மிதிக்க மாட்டேன் நைனா."

"இன்னாது?"

"காலுக்கு எறங்கின வலிய நான் மிதிக்க மாட்டேன். பெரியாஸ்பத்திரிக்கி இட்டுக்கினு போங்க."

"திமிரு புடிச்சவளே, கூப்ட்டா வந்து மிதிக்கணும். ஒனக்கு இன்னாத்துக்கு இந்தப் பேச்சு?"

"போன அறுப்புல மில்லுல மூட்ட தூக்கற ஏழுமலைய இதே எடத்துல படுக்கப் போட்டுட்டு மிதின்னு சொன்ன. அவனுக்கும் காலுக்கு எறங்கிச்சி. எனுக்கு அப்போ தெரியாது, மிதிச்சேன். இன்னிக்கி அவன் குந்திக்கினே நவுர்றான். நீ போயி பாத்தியா? நான் தெனம் பாக்கறேன்."

"அது அவன் தலையெய்த்து."

"தலையெய்த்த நீ பாத்தியா? காலத்தான் நான் பாத்தேன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். தேவராஜ் அவள் போன பக்கம் பார்த்து நாலு கெட்ட வார்த்தை சொன்னார். வெட்கத்தோடு சொல்கிறேன், நானும் மனதுக்குள் ஒன்று சொன்னேன். வண்டி புறப்பட நாலே நாள்தான் இருந்தது. ஊருக்கெல்லாம் கிடைத்த மூன்று மிதி எனக்கு மட்டும் கிடைக்காமல் போனதாகத்தான் அப்போது எனக்குத் தோன்றியது.

மறுநாள் அவளைத் தேடிக்கொண்டு போனேன். நடவு முடிந்து பெண்கள் கரையேறிக் கொண்டிருந்தார்கள். ஒருத்தி என்னைப் பார்த்ததும், "ஏய் தேசம்மா, ஒன் காலத் தேடிக்கினு ஒரு ஆளு வளஞ்சி வளஞ்சி வருதுடி" என்று கத்தினாள். எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. கெஞ்சினேன். ஒரிசா வண்டியைப் பற்றிச் சொன்னேன். ரிக் ஆள் என்பதைத் தவிர ஊருக்குப் போய்ச் சொல்லிக்கொள்ள எனக்கு வேறு பெயரே இல்லை என்று சொன்னேன்.

அவள் நடக்க ஆரம்பித்தாள். நான் பின்னால் போனேன். ஏரிக்கரையைத் தாண்டி ஒரு குடிசை முன் நின்றாள். வாசலில் இரண்டு சவுக்குக் கழிகளை இடுப்பு உயரத்தில் ஒருவர் நிற்கும் இடைவெளி விட்டுப் படுக்கவைத்துக் கட்டியிருந்தது. அதற்கு நடுவில் ஓர் ஆள் தரையில் உட்கார்ந்திருந்தான். தோளும் கையும் மல்லனுக்கு இருப்பது போல. கால்கள் பத்து வயசுப் பிள்ளையுடையவை போல.

"இவுருதான் ஏழுமலை. கேட்டுக்கோ" என்றாள்.

அவள் அவனுடைய கக்கத்தில் கை கொடுத்துத் தூக்கினாள். அவன் கழிகளைப் பிடித்துக்கொண்டு ஆடி ஆடி நின்றான். நூறு எண்ணும் வரை நின்றான். தினமும் வேலை முடிந்து வந்து இதைச் செய்கிறாளாம். அவன் மனைவி கூலிக்குப் போய்த் திரும்ப இருட்டிவிடும். இந்தக் கழிகளைக் கட்டச் சொன்னது எந்த டாக்டரும் இல்லை. நடக்கப் பழகும் குழந்தைக்கு நடைவண்டி செய்வதில்லையா என்று இவளே யோசித்துக் கட்டியது.

"மிதிச்சப்போ எப்பிடி இருந்துச்சுங்க?" என்று கேட்டேன்.

"சொகமா இருந்திச்சி" என்றான் ஏழுமலை. "சடக்குன்னிச்சி. எய்ந்து நின்னேன். சாய்ந்திரமே மில்லுல இருந்து ஆளு வந்துட்டான். லோடு நிக்குது வான்னான். போனேன். லாரிக்கி நெல்லு மூட்ட ஏத்தினேன். ஏறுற பலகையில நாலாவது அடி வெச்சேன், கால் இல்ல. மூட்டையோட வுயுந்தேன். அதனாலதான் சொல்றேன், இவ காலு பண்ணல, மூட்டதான் பண்ணிச்சி."

"என் காலுதான்" என்றாள் தேசம்மா.

"மூட்டடி."

"நான் மிதிக்காட்டி நீ போயிருக்க மாட்ட. வலியோட படுத்திருப்ப."

"படுத்திருந்தா சோறு ஆரு போடுவாங்க, ஒன் மாமனாரா?"

இந்தச் சண்டை ஒரு வருடமாகத் தினமும் நடக்கிறது என்று அவன் சிரித்துக்கொண்டே சொன்னான். அவள் சிரிக்கவில்லை. மில் முதலாளி ஒரு மூட்டை அரிசி அனுப்பிவைத்து, சாமி குத்தம் என்று சொல்லிவிட்டாராம். ஆஸ்பத்திரிக்கு யாரும் கூட்டிப் போகவில்லை. மிதியால் போனது மருந்தால் வராது என்று ஊரே முடிவு செய்துவிட்டது. முடிவு செய்தவர்கள் அத்தனை பேரும் தங்கள் சுளுக்குக்கு இன்னும் தேசம்மாவைத்தான் கூப்பிடுகிறார்கள்.

அதற்கு மேல் அவளிடம் மிதி கேட்க எனக்கு வாய் வரவில்லை.

எட்டாம் நாள் முதல் பஸ்ஸில் நின்றுகொண்டே பெரியாஸ்பத்திரி போனேன். மருத்துவக் கல்லூரியோடு சேர்ந்த அரசு ஆஸ்பத்திரி அது. வரிசை நீளம்தான். ஆனால் வரிசையின் முடிவில் இருந்த பெண் டாக்டர் என் முகத்தைப் பார்த்துப் பேசினார். என்ன வேலை என்று கேட்டார். மல்லாக்கப் படுக்கவைத்துக் காலை நேராகத் தூக்கினார். பாதிக்கு மேல் போகவில்லை, கத்திவிட்டேன். "பெருவிரலை மேல தூக்குங்க, நான் அமுக்கறேன்" என்றார். அவருடைய ஒரு விரல் என் பெருவிரலை அமுக்கிக் கீழே தள்ளிவிட்டது. இரும்பு தூக்கிய எட்டு வருட உடம்பு, அந்த மெலிந்த டாக்டரின் ஒற்றை விரலிடம் தோற்றது.

"முதுகெலும்புக்கு நடுவுல இருக்கிற ஜவ்வு நழுவி நரம்பை அமுக்குது. இது எக்ஸ்ரேல தெரியாது. ரெண்டு வாரம் படுத்திருங்க. அப்புறம் நான் சொல்லித் தர்ற பயிற்சி. திரும்ப வந்து காட்டணும்."

"ராடு தூக்கலாமுங்களா?"

"தூக்கினா இந்தக் காலை இழுத்துக்கிட்டுத்தான் நடப்பீங்க. எப்படித் தூக்குவீங்க, காட்டுங்க." ஒரு ஸ்டூலைக் காட்டினார். குனிந்து காட்டினேன். "இப்படியா எட்டு வருஷம்?" என்று தலையில் கை வைத்துக்கொண்டார்.

"மிதிச்சிருந்தா என்ன ஆயிருக்கும்?" என்று கேட்டேன்.

"யார் மிதிக்கிறதா இருந்தாங்க?"

தேசம்மாவைப் பற்றியும் வலியைப் பற்றி அவள் கேட்ட மூன்று கேள்விகளையும் சொன்னேன். டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு, "ஒண்ணுக்குப் போறதையும் கேட்டாங்களா?" என்றார். "அது நின்னா நரம்பு சாகுதுன்னு அர்த்தம். என்கிட்ட படிக்கிற பசங்களுக்கு அதைக் கேட்க மூணு வருஷமாச் சொல்லித் தர்றேன்." ஏழுமலையைப் பற்றியும் சொன்னேன். "கூட்டிட்டு வாங்க" என்றார்.

பத்தாம் நாள் வண்டி வந்தது. சிவப்புத் தூசியோடு திருப்புலிவனம் சாலையில் நின்று ஹாரன் அடித்தது. டாக்டர் சீட்டை மேனேஜரிடம் நீட்டினேன். அவர் வாங்கவில்லை.

"நிமுந்துதானடா நிக்கற? ஏறு."

"நிக்கலாமுங்க. தூக்க முடியாது. இனிமே முடியாதுங்க."

"தூக்காத ஆளு எனக்கு எதுக்கு?"

கேள்வி நியாயமானது. அதுதான் எனக்கு ஆத்திரம். எட்டு வருடத்தில் என்னிடம் அவருக்குத் தேவைப்பட்ட ஒரே பொருள் அந்த இடுப்பு. அது தேய்ந்தவுடன் உடைந்த ராடு போலச் சாலையோரம் போட்டுவிடலாம். உடைந்த ராடைக்கூட அவர் பழைய இரும்புக்கு விற்பார். என்றாலும் ஒன்று கேட்டேன். "வண்டி பெரியாஸ்பத்திரி வழியாத்தான் போவுது. கால் வராத ஒருத்தரை அங்க இறக்கி விடுங்க."

"நான் ரிக்கு ஓட்டறனா, ஆம்புலன்ஸு ஓட்டறனா?"

வண்டி போய்விட்டது. என் துணிமூட்டையை டிரைவர் ஜன்னல் வழியாக எறிந்தார். அவர் கண் கலங்கியிருந்தது. ஆனால் வண்டியை நிறுத்தவில்லை.

அன்று மத்தியானமே தேவராஜ் என்னைக் கொட்டகையை விட்டுப் போகச் சொன்னார். மோட்டார் இறக்கியாயிற்று. அதோடு, "அவ பேச்சக் கேட்டு நடக்கறவனுக்கு என் எடத்துல இன்னா வேல?" போவதற்கு இடம் இல்லை. ஏழுமலை, "இங்கியே படு. ரெண்டு பேரும் படுத்துக்கினு ஊர்க்கத பேசலாம்" என்றான். அவன் குடிசையில் பாயில் இரண்டு வாரம் கிடந்தேன். அவன் மனைவி காய்ச்சிய கேழ்வரகுக் கூழும் பச்சை வெங்காயமும்தான் சாப்பாடு. டாக்டர் எனக்குச் சொன்ன பயிற்சியை அவனும் செய்தான், முடிந்த அளவு. தேசம்மா சாயங்காலம் வந்து எங்கள் இரண்டு பேரையும் அதட்டுவாள். "இன்னாடா இது, பொணம் மாதிரி ரெண்டு. காலத் தூக்கு!"

மூன்றாவது வாரம் நான் கிட்டத்தட்ட நேராக நடந்தேன். ஏழுமலையைக் கூட்டிப் போகும் நாளை முடிவு செய்தோம். அவன் வரமாட்டேன் என்றான். வராமல் கால் எப்படி வரும் என்று அவன் மனைவியும் தேசம்மாவும் சேர்ந்து திட்டியதில் சம்மதித்தான். குடிசைக்காரர்கள் நாலு பேர் அவனை நாற்காலியோடு தூக்கிப் பஸ் நிறுத்தத்துக்குக் கொண்டுவந்தார்கள். எனக்குத் தூக்கத் தடை. நான் துணிப்பையோடு பின்னால் நடந்தேன். வாழ்க்கையில் முதல் தடவையாக மற்றவர்கள் தூக்குவதை நான் பார்த்துக்கொண்டு போனேன்.

கண்டக்டர் படியில் நின்று, "இதெல்லாம் லக்கேஜுல வருமா?" என்றார்.

"ஒன்ன ஆத்தா பெத்து லக்கேஜுலயா போட்டா?" என்றாள் தேசம்மா. "நவுரு."

நகர்ந்தார். ஏழுமலைக்கு ஜன்னலோர இடம் கிடைத்தது. ஒரு வருடமாகக் குடிசை வாசலை விட்டு வெளியே போகாதவன். பாலாற்றுப் பாலம் வந்ததும், "தண்ணியே இல்லியே" என்று சொல்லிக்கொண்டே மணல் லாரிகளை எண்ணினான். தேசம்மா அன்றைய நடவுக் கூலியை விட்டுவிட்டு வந்திருந்தாள். என் பயணத்துக்கும் அவள் பயணத்துக்கும் ஒரு வித்தியாசம் இருந்தது. என் கால் கிடைக்குமா என்று பார்க்க நான் போனேன். ஒரு வருடமாக அவள் தலையில் ஏறி உட்கார்ந்திருக்கும் கேள்விக்கு என்ன பதில் வரும் என்று பார்க்க அவள் வந்தாள்.

டாக்டர் முதலில் என்னைப் பார்த்தார். பெருவிரலை அமுக்கினார். இந்த முறை கொஞ்சம் எதிர்த்து நின்றது. "பரவாயில்லை. ஆனா ராடு கிடையாது" என்றார். பிறகு ஏழுமலையை வார்டில் சேர்த்து, ஒரு கட்டிலில் படுக்கவைத்து வெகுநேரம் பார்த்தார். ஊசியால் குத்திக் குத்திக் கேட்டார். கடைசியில், "ரொம்பத் தாமதம். முழுசா வரும்னு சொல்ல மாட்டேன். ஆனா தொடையில பலம் இருக்கு. ஒரு வருஷமா யார் நிக்க வெச்சாங்க?" என்று கேட்டார்.

ஏழுமலை கையைக் காட்டினான். தேசம்மா முன்னால் வந்தாள்.

"நிக்க வெச்சதும் நான்தான். மிதிச்சதும் நான்தான்" என்றாள். "சொல்லும்மா. என் காலால போச்சா, மூட்டையால போச்சா?"

"மூட்டன்னு சொல்லும்மா!" என்று படுக்கையிலிருந்து கத்தினான் ஏழுமலை.

டாக்டர் அவனைப் பார்த்து, "மிதிச்ச எத்தனை நாள் கழிச்சு மூட்டை தூக்கினீங்க?" என்றார்.

"நாளா? அன்னிக்கே சாய்ந்திரம்."

"எத்தனை?"

"எண்ணல. லாரி நெறஞ்சிச்சி."

"மிதிச்சது நல்லதில்லை. அதை நீங்களே தெரிஞ்சுக்கிட்டு நிறுத்திட்டீங்க" என்று டாக்டர் தேசம்மாவிடம் சொன்னார். "ஆனா நடந்து போனவர் விழுந்தது மூட்டையோட." பிறகு கட்டிலில் தொங்கிய தாளில் இங்கிலீஷில் ஏதோ எழுதிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார்.

தேசம்மா என் கையைப் பிடித்து இழுத்தாள். "நீ படிச்சவன்தானே? இன்னா எய்தியிருக்காங்க?"

கையெழுத்து கோழி கிளறியது போல இருந்தது. எழுத்தெழுத்தாகக் கூட்டினேன். பாதி புரியவில்லை. ஒரு வார்த்தை புரிந்தது. லாரியில் பிழைத்தவன் எவனும் படித்துவிடுகிற வார்த்தை அது. "லோடுன்னு எழுதியிருக்குது. சுமை" என்றேன்.

ஏழுமலை, "பாத்தியா? ஒரு வருசமா சொல்றேன்!" என்று கையைத் தட்டினான்.

அவள் சுவரோரம் தரையில் உட்கார்ந்தாள். அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. அந்தத் தாளைக் கைகாட்டிக் கேட்டாள்:

"சொமைய எய்திட்டாங்க. அன்னிக்கி சாய்ந்திரம் வா, ஏத்துன்னு கூப்ட்டானே, அவன் பேரு எங்க எய்தியிருக்குது? பாரு."

தேடினேன். நோயாளி பெயர் இருந்தது, வயது இருந்தது, ஊர் இருந்தது, கூட வந்தவர் பெயர் இருந்தது. அவள் கேட்ட பெயருக்கு அந்தத் தாளில் இடமே விட்டிருக்கவில்லை. "இல்ல" என்றேன்.

"திருப்பிப் பாரு" என்றாள்.

திருப்பினேன். பின்பக்கம் வெள்ளையாக இருந்தது.